பைலிங்கின் எட்டாவது காட்சி

பான் தெஷுன் வீட்டின் மேல் மட்டும் பனிமூட்டம் இறங்கியது, வட்டத்தின் வரலாற்றுப் புத்தகம் அச்சாகி வந்த நான்காம் நாள் காலையில். இறங்கியது இரண்டு வருடம் ஏழு மாதம் ஏதோ ஒரு வடிவில் அங்கேயே கிடந்தது. சரிவின் அடியில் இருந்த வீட்டுக் கூரையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு நாய் வெயிலில் மல்லாந்து கிடந்தது. பானின் மூங்கில் வேலிக்கு உள்ளே மட்டும் பால் பொங்கி அப்படியே நின்றுவிட்டது போல ஒரே வெள்ளை. பைலிங் ஊர்க்காரர்கள் இரண்டு நாள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் நாற்று நட வேண்டியிருந்ததால் கலைந்துபோனார்கள்.

இதற்குக் காரணம் பானா, அவர் மனைவி சிங்யேயா, எழுத்தர் வெய்யா என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இன்றைக்கும் வாய்ச்சண்டை உண்டு. என்னைக் கேட்டால் எட்டு என்கிற எண்தான் காரணம். எந்த வட்டத்தின் வரலாற்றைப் பிரித்தாலும் தொடக்கத்திலேயே அந்த ஊரின் எட்டுக் காட்சிகள் வந்துவிடும். கோயில் மணியோசை ஒன்று, மாலையில் திரும்பும் படகுகள் ஒன்று, பாலத்தின் மேல் நிலா ஒன்று, இப்படி எட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கே எழுத்தில் ஒரு பெயர், எங்கள் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சொல். ஏழு இருந்தால் ஊருக்குப் பல் விழுந்த மாதிரி. ஒன்பது இருந்தால் திமிர் பிடித்த ஊர் என்பார்கள். பைலிங்கின் எட்டாவது காட்சி ஒரு கிழட்டுப் பைன் மரமும் அதில் வந்து உட்காரும் கொக்குகளும். மரம் இடி விழுந்து எரிந்துபோனது. கொக்குகள் பக்கத்து வட்டத்துக்குக் குடிபோய்விட்டன. நன்றிகெட்ட பறவைகள், முந்நூறு வருடம் எங்கள் மீனைத் தின்றவை.

அந்தச் சமயத்தில் புதிதாக வந்த வட்ட அதிகாரி, பழைய வரலாற்றைத் திருத்தி மறுபடி அச்சடிக்கச் சொன்னார். எழுத்தர் வெய் யென்நியனைக் கூப்பிட்டு, "ஏழோட மேலிடத்துக்கு அனுப்பினா சிரிப்பாங்க. எட்டாவது எதையாவது பாத்து எழுதுங்க" என்றார். வெய் நேர்மையான மனிதர், பார்க்காத எதையும் எழுதமாட்டார். ஆனால் பார்வை கொஞ்சம் மட்டு. அவருடைய கண்ணாடி அப்போது ஒரு கண் விரிசல் விட்டு, சூச்சோ நகரத்துக்குப் பழுது பார்க்கப் போயிருந்தது. கண்ணாடி வரும்வரை காத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. முரசுக் கோபுரத்தில் மூன்று நாள் ஏறி நின்று நாலா பக்கமும் பார்த்தார். மூன்றாம் நாள் நண்பகலில், மேற்குச் சரிவில், வெள்ளையாக ஒன்று தொங்குவதையும் மிதப்பதையும் கண்டார். காற்று வந்தால் அது விலகிப் பின்னால் மலை தெரிந்தது, காற்று நின்றால் மலை மறைந்தது. வெய்க்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பத்து மூன்று வருடம் அதே ஊரில் இருந்தும் இதைக் கவனிக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்தது அதற்கு ஒரு சொல். எங்கள் மொழியில் மூடுபனிக்குச் சொற்கள் மீன் சந்தைபோல் குவிந்து கிடக்கின்றன. ஆற்றிலிருந்து எழுவதற்கு ஒன்று, மலை விடும் மூச்சுக்கு ஒன்று, அடுப்புப் புகையோடு கலந்த மூட்டத்துக்கு ஒன்று. வெய் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டுக் கடைசியில் 'கோங்மெங்' என்ற பழஞ்சொல்லை எடுத்தார். முதல் எழுத்து வெறுமை, இரண்டாவது எழுத்து மெல்லிய தூறலின் மங்கல். சேர்த்துச் சொன்னால், இருக்கிறது, ஆனால் இன்னதென்று பிடித்துக்காட்ட முடியாது என்கிற மாதிரியான ஒரு காட்சி. புலவர்கள் அதை ஏரிக்கும் மலைக்கும் மட்டும் செலவழிப்பார்கள். 'மேற்குச் சரிவின் கோங்மெங்' என்று சரியாக நான்கு எழுத்தில் எழுதிவிட்டு, வெய் சூடான அரிசி மது இரண்டு கிண்ணம் குடித்தார். வழக்கமாக அவர் ஒன்றுக்கு மேல் தொடமாட்டார்.

எழுதிய தாள் பானிடம் போனது. பைலிங்கில் அச்சுப் பலகை செதுக்குகிறவர் அவர் ஒருவர்தான். தாளைப் பேரிக்காய் மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தெரிகிற மையை விட்டுவிட்டு மீதியைத் தோண்டி எடுப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "படிக்கத் தெரிஞ்சவன் செதுக்கினா தன் அறிவையும் சேத்துச் செதுக்கிருவான். எனக்கு அந்த வியாதி இல்ல" என்பார். உண்மைதான், முப்பது வருடத்தில் அவர் உளி ஓர் எழுத்திலும் பிசகியதில்லை. அந்த நான்கு எழுத்தையும் மிக அழகாகச் செதுக்கினார். மேற்குச் சரிவில் இருந்ததே அவர் வீடு ஒன்றுதான், அவர் செதுக்கியதும் அதைப் பற்றித்தான். அது அவருக்குத் தெரிய வழியில்லை.

பைலிங்கில் அச்சில் ஏறியது நடக்காமல் போனதில்லை. புத்தகத்தில் வெள்ளம் என்று இருந்தால் வெள்ளம் வந்திருக்கும், வந்திராவிட்டால் வரும். ஆகவே மூட்டம் வந்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. கஷ்டம் எல்லாம் சிங்யேக்குத்தான்.

லுவோ சிங்யே சேமியா போடுகிறவள். கோதுமை மாவை உப்புத் தண்ணீரில் பிசைந்து, கயிறாகத் திரித்து, இரண்டு மூங்கில் குச்சிகளில் எட்டுப் போலச் சுற்றி, உயரமான சட்டத்தில் தொங்கவிட்டு இழுப்பாள். இழுக்க இழுக்க அது நூலாகி இரண்டு ஆள் உயரத்துக்கு இறங்கும். காய்வதற்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை வெயிலுக்குத் திருப்பிப் போட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு கூடை சேமியாவோடு ஊரைச் சுற்றிப் பதினொரு இடங்களில் காயப்போட்டுப் பார்த்தவள் அவள். பதினொன்றிலும் நூல் அறுந்தது. பன்னிரண்டாவது இந்த மேற்குச் சரிவு. இரண்டு குன்றுகளுக்கு நடுவிலிருந்து அளவாக ஒரு காற்று வரும், வெயில் மாலைவரை நிற்கும். வீடு கட்டினால் இங்கேதான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டினாள். பிறந்தநாளுக்கு அறுபடாத முழு நீளச் சேமியா சாப்பிடுவது எங்கள் வழக்கம், நூல் எவ்வளவு நீளமோ ஆயுள் அவ்வளவு நீளம். வட்டம் முழுக்க அந்த முழு நீளம் அவள் கையில் மட்டும்தான் வரும். மூட்டத்துக்குள் அது காயவில்லை. தொங்கவிட்ட நூல் இறங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டு, களியாகக் குவிந்தது. இரண்டு பன்றிகளுக்குப் போட்டாள். பன்றிகள் கொழுத்தன. அவள் இளைத்தாள்.

வெய்யிடம் போய்க் கேட்டாள். "வெய் ஐயா, எங்க வீட்டு மேல என்னத்தையோ எழுதி வச்சிருக்கீங்களாமே. அதைக் கொஞ்சம் அழிச்சிருங்க. எனக்கு வேலை கிடக்கு."

வெய்க்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணி, பலகைக்கு அதிகாரி முத்திரை ஆயிருச்சு. ஒரு புள்ளியைத் தொடணும்னாலும் அவர் உத்தரவு வேணும்" என்றார். அதிகாரியோ எட்டாவது காட்சி இவ்வளவு சொன்னபடி கேட்டு வந்ததில் மிகவும் மகிழ்ந்துபோயிருந்தார். வெளியூர் விருந்தாளிகளைக் கோபுரத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அவருக்கு ஒரே குறை, மூட்டத்துக்குள்ளிருந்து சில நேரம் பன்றி கத்தும் சத்தமும், "ஏங்க, அந்த உப்புச் சட்டியை எங்க வச்சீங்க?" என்ற குரலும் வந்தன. காட்சிக்குள் குடித்தனம் எதற்கு என்று அவர் முடிவு செய்தார். வடக்கே சதுப்போரத்தில் ஒரு வீடு தருவதாகவும், அடுத்த இலையுதிர் விழாவுக்குள் அங்கே மாறிவிட வேண்டும் என்றும் ஆள் அனுப்பினார். வந்த ஆளிடம் சிங்யே, "அந்தச் சதுப்புல தவளைகூட காயாதேப்பா, சேமியா எங்க காயும்?" என்று கேட்டாள். அன்று முழுக்க அவள் வெறும் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். பான் பக்கத்தில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவில் ஊரில் யாருக்கும் வயது ஏறாமல் நின்றுவிட்டது. புத்தாண்டு வயதைக் கொண்டுவந்து வாசலில் வைக்கும், சேமியா சாப்பிட்டால்தான் அது உள்ளே வரும். சேமியா இல்லாததால் இரண்டு புத்தாண்டின் வயதுகள் வாசலிலேயே கிடந்தன. முப்பத்தொன்பதில் இருந்த தையல்காரி மறுபடியும் முப்பத்தொன்பதாகவே இருந்தாள், யாரிடமும் புகார் சொல்லவில்லை. பல் முளைக்க வேண்டிய குழந்தைகள் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தன. பிரச்சினை வந்தது அதிகாரியின் வீட்டிலிருந்து. அவருடைய தாயாருக்கு அறுபத்தொன்பது. எழுபது ஆனால்தான் மகனுடைய அலுவலகக் கூடத்துக்குள் கைத்தடியோடு நுழையலாம், மகன் எழுந்து நிற்க வேண்டும். கிழவி கைத்தடியை வாங்கிச் செதுக்கி மெருகேற்றி, இரண்டு வருடமாகச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள்.

"நான் என்ன சாகுற வரைக்கும் அறுபத்தொன்பதா?" என்று மகனிடம் கேட்டாள். "சாகவும் முடியாதுங்கிறாங்க. வயசு ஏறாம எப்படிச் சாகுறது? அந்தப் பொண்ணு சேமியா போடணும். என்ன செய்வியோ செய்."

அதிகாரி வெய்யைக் கூப்பிட்டார். நான்கு எழுத்தை மாற்றக் கூடாது, மேலிடத்துக்குப் பிரதி போய்விட்டது. ஆனால் பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பொருள் விளக்கம் சேர்ப்பது எல்லாப் புத்தகத்திலும் உள்ள முறைதான். சொல்லின் பொருளைச் சரியாக வரையறுத்தால் மூட்டம் அதற்குள் அடங்கி நடக்கும் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

வெய் அகராதிகளைப் புரட்டி 'மெல்லிய தூறல்' என்று எழுதினார். பான் பலகையில் ஒரு குழி தோண்டி, ஆப்பு அடித்து, ஆப்பின் மேல் அதைச் செதுக்கினார். மறுநாள் மூட்டம் போய்விட்டது, தூறல் வந்தது. பான் வீட்டின் மேல் மட்டும் இரண்டு மாதம் தூறியது. சட்டங்களில் காளான் முளைத்தது, அதை வதக்கிச் சாப்பிட்டார்கள், நன்றாகவே இருந்ததாம். ஆப்பைப் பிடுங்கிவிட்டு வெய் இரண்டாவதாக 'மங்கல்' என்று எழுதினார். தூறல் நின்றது. ஆனால் வேலிக்குள் எல்லாமே மங்கலாயின. பானுக்கு மனைவியின் முகம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய இருபது வருடத்தில் பேசியதைவிட அந்த நான்கு மாதத்தில் அதிகம் பேசியதாகப் பிற்பாடு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தூங்கும்போதுகூட அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அது ஒன்றும் மோசமான காலம் இல்லை என்றுதான் பான் சொல்வார். ஆனால் சேமியா மங்கலாகவே இருந்தது, அறுந்ததா அறுபடவில்லையா என்று தெரியாத சேமியாவை யார் பிறந்தநாளுக்கு வாங்குவார்கள்?

இரண்டாவது ஆப்பைப் பிடுங்கியதும் பழைய மூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தது. பான் குழியைத் தடவிப் பார்த்தார். "இன்னும் ஒரு தடவைதான் தோண்டலாம், வெய் ஐயா. அதுக்கு மேல போனா பலகை அந்தப் பக்கம் ஓட்டையாயிரும்." இலையுதிர் விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. வீட்டில் பாதிச் சாமான்களைக் கூடையில் கட்டியாகிவிட்டது.

சிங்யே அன்று வெய்யை விடவில்லை. "புத்தகத்தைப் பாத்துப் பாத்துத்தானே இவ்வளவும் ஆச்சு. எங்க வீட்டைப் பத்தி எழுதுறீங்க, ஒரு தடவையாவது எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். வெய் வந்ததில்லை. வந்தார். அப்போது அவர் கண்ணாடி சூச்சோவிலிருந்து திரும்பி வந்து வெகுநாள் ஆகியிருந்தது. மூட்டத்துக்குள் தடவித் தடவி நடந்தவர் ஒரு மூங்கில் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதை அண்ணாந்து பார்த்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

"ரெண்டு ஆள் உயரம்."

எத்தனை வரிசை என்று கேட்டார்.

"பதினாறு வரிசை. நல்ல வெயில் நாள்னா முழுக்கத் தொங்கும். காத்து வந்தா ஆடும்" என்றாள் சிங்யே. "ஏன் கேக்குறீங்க?"

வெய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, தான் கோபுரத்தில் ஏறிய நாள் நல்ல வெயில் நாள் என்றும், நண்பகல் என்றும், கண்ணாடி இல்லை என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பான் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிங்யே சிரிக்கவில்லை.

"அப்போ என் சேமியாவைப் பாத்துதான் என் வயித்துல அடிச்சீங்களா?"

வெய் தலைகுனிந்தார். நாளைக்கே அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்கிறேன், எட்டாவது காட்சியே கிடையாது, நான் கண்டது சேமியா என்று எழுதுகிறேன், பிரம்படி விழுந்தால் விழட்டும் என்றார். செய்தும் இருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

சிங்யே உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. காயாத சேமியாவைக் கத்தரித்து, காளானும் வெங்காயத் தாளும் போட்டு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வெய்யின் கையில் வைத்தாள். கோபம் வந்தால் சாப்பாடு போடுகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். அவர் தின்னும்வரை எதிரே நின்றுகொண்டு யோசித்தாள்.

"அடி வாங்கி என்னத்தைக் கண்டீங்க? ஊருக்கு ஏழு காட்சியாப் போயிரும். பக்கத்து வட்டத்துக்காரன் சிரிப்பான்" என்றாள். "நீங்க பொய்யும் எழுதல. அங்கேருந்து பாத்தா பனி மாதிரிதான் இருந்திருக்கு. இங்க நிக்கிறவளுக்குச் சேமியா. எங்கேருந்து பாத்தீங்கங்கிறதை விட்டுட்டீங்களே. அதையும் சேத்து எழுத வேண்டியதுதானே?"

வெய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எத்தனை அகராதிகள், எத்தனை உரைகள் படித்திருந்தார். கோங்மெங் என்ற சொல்லை ஆண்ட ஒருவராவது அதற்குள் நின்றுகொண்டு ஆண்டதில்லை. படகிலிருந்து, மாடத்திலிருந்து, பாலத்திலிருந்து, எப்போதும் தள்ளி நின்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரு சேமியாக்காரி கேட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது. அங்கேயே பானின் மையைத் தொட்டு, 'முரசுக் கோபுரத்திலிருந்து நோக்குவார்க்கு' என்று பொடி எழுத்தில் எழுதினார். பான் கடைசித் தடவையாகக் குழி தோண்டினார். அப்போது அவர் முதல்முறையாக, இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று கேட்டுக் கேட்டுச் செதுக்கினார். அந்தக் கவனத்தில் உளி பிசகி ஓர் எழுத்தின் கால் கொஞ்சம் கோணலாகிவிட்டது. அந்தப் பிரதி என்னிடம் இருக்கிறது, கோணலும் இருக்கிறது.

மறுநாள் காலை சிங்யே கதவைத் திறந்தபோது வாசல் முழுக்க வெயில். குன்றுகளுக்கு நடுவிலிருந்து காற்று அளவாக வந்தது. அவள் மாவுப் பானையைத் திறந்தாள். நண்பகலுக்குள் பதினாறு வரிசையும் தொங்கின. கோபுரத்தில் நின்றவர்களுக்கு மேற்குச் சரிவு முன்னைவிட அழகான மூட்டத்தில் கிடந்தது. சரிவில் ஏறி வந்தவர்களுக்கு, வேலிக்கு மூன்று தப்படி முன்னாலேயே மூட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. தாயாருக்குச் சேமியா வேண்டியிருந்ததால் வீடு மாறச் சொன்ன உத்தரவை அதிகாரி அப்படியே விட்டுவிட்டார், கூடையில் கட்டிய சாமான்கள் அவிழ்க்கப்பட்டன. விழா முடிந்த வாரம் அதிகாரியின் தாயார் ஒரே மூச்சில் முழு நீளச் சேமியாவை உறிஞ்சி எழுபதாகி, மீதியையும் உறிஞ்சி எழுபத்தொன்றாகி, கைத்தடியோடு கூடத்துக்குள் நுழைந்தாள். மகன் எழுந்து நின்றார். ஊரில் எல்லோரும் வாசலில் கிடந்த வயதுகளை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் பல் முளைத்து ஊர் முழுக்க அழுகை. தையல்காரி மட்டும் இன்னும் ஒரு வருடம் சேமியா பக்கமே வரவில்லை.

பிறகு வந்த இருபத்திரண்டு வருடங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கோதுமை விலை இரண்டு தடவை ஏறி ஒரு தடவை இறங்கியது. அதிகாரிகள் மாறினார்கள். எட்டாவது காட்சியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கீழே இறங்கிச் சேமியா வாங்கிப்போனார்கள். அந்த மூட்டத்தைக் கோபுரத்திலிருந்து பார்க்காதவர்கள் ஊரிலேயே இரண்டு பேர்தான். பானுக்கு ஆர்வம் இல்லை. சிங்யேயைக் கேட்டால், "நான் கோபுரம் ஏறிட்டா இங்க யாரு திருப்பிப் போடுறது?" என்பாள்.

வெய்க்கு அறுபத்தெட்டு ஆனபோது அவர் கோபுரத்தின் காவல் அறையிலேயே தங்கிவிட்டார். முழங்கால் போய்விட்டது, இறங்க முடியவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு முழு நீளச் சேமியாவை யாராவது மேலே கொண்டுபோக வேண்டும். மடித்தால் முறியும் என்பதால் சிங்யே வேறு யாரையும் நம்பவில்லை. நல்ல வெயில் நாள், நண்பகல். நீளக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு தொண்ணூற்றாறு படி ஏறினாள். வெய் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மேற்குச் சாளரத்தை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். வீடு இல்லை. சட்டங்கள் இல்லை, வேலி இல்லை, வரும்போது மூன்றாம் வரிசைக்குக் கீழே விட்டுவந்த புருஷன் இல்லை. சரிவு முழுக்க வெள்ளை. அது தொங்கியது, மிதந்தது, காற்று வந்தபோது விலகிப் பின்னால் மலையைக் காட்டியது, பிறகு மலையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. சிங்யே சன்னல் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வரிசை காய்கிற நேரம் அங்கேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

"வெய் ஐயா," என்றாள் கடைசியில். "உங்க கண்ணு மேல தப்பில்ல."

இருபத்தைந்து வருடமாக வெய்யின் மனத்தில் கிடந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அவள் இறங்கி நடந்தாள். சரிவில் ஏறிய ஓர் உருவம் மூட்டத்துக்குள் நுழைந்து மறைவதைக் கோபுரத்திலிருந்து வெய் பார்த்தார். அவளோ கண் கூசும் வெயிலில் வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பான் இரண்டு குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"நாம தெரியல" என்றாள் சிங்யே. "நல்லாருந்துச்சு."

பிறகு மூன்றாம் வரிசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஏன் திருப்பிப் போடவில்லை என்று கேட்டாள்.